ஈரச் சாக்கு கட்டிய தூண்

டொக்... டொக்!

அவள் நின்றுவிட்டாள்.

சத்தம் ஐந்தாவது தூணிலிருந்து வந்தது!

"தம்பி... கேட்டுச்சா?"

"காத்து அண்ணி." கொழுந்தன் அந்தத் தூணுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டான்.

காற்றா? மேகம் மூடிய அந்த மதியத்தில் ஒரு தூசிகூட அசையவில்லை.

பாதியில் நின்றுபோன கட்டடம். தரைத்தளத்தில் வெறும் தூண்கள். கான்க்ரீட் இறுகி, சுற்றி அடித்த பலகையைப் பிரித்ததும் ஒவ்வொரு தூணையும் மோதிரத்தால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பது அவள் கணவனின் வழக்கம்.

அவன் காணாமல் போய் எட்டு மாதம்.

வீடு கேட்டவர்களின் அட்வான்ஸைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்றது ஊர். அவள் நம்பவில்லை. கட்டடத்தை முடித்து, அந்தப் பெயரைத் துடைத்தாக வேண்டும்.

அதற்குத்தான் இன்று இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

"எங்க வட்டி கம்மி மேடம்." பேங்க் இன்ஜினியர் துளையிடும் மெஷினைக் கீழே வைத்தார். "ஆனா நின்னுபோன கட்டடம் பாருங்க... ஏதாவது ஒரு தூணைத் துளைச்சு கான்க்ரீட்டை டெஸ்ட் பண்ணாம லோன் கிடையாது."

முதலீடு செய்ய வந்த கறுப்புக் கண்ணாடிக்காரர் சிரித்தார்.

"எனக்கு லாபத்துல பாதி. துளையும் வேணாம், டெஸ்ட்டும் வேணாம்."

"இவர் பணமே போதும் அண்ணி!" கொழுந்தன் முந்திக்கொண்டான்.

"பாதி லாபம் போயிடுமே! கத்தரிக்காய்க்கே நாலு கடை ஏறி இறங்குற ஆளாச்சே நீங்க?"

"பேங்க்னா இழுத்தடிப்பாங்க அண்ணி..."

"சார், அந்த அஞ்சாவது தூணைத் துளைங்க."

"அது வேணாம்!"

அலறல் தளம் முழுக்க அதிர்ந்தது.

"ஏன் தம்பி?"

"அது... அண்ணன் கடைசியா போட்ட தூண். ராசியானது..."

"மத்ததைவிட ஒரு சாண் தடிமனா இருக்கே?"

கொழுந்தன் தூணை மறைத்துக்கொண்டு நின்றான்.

அவள் குரல் தாழ்ந்தது.

"அண்ணன் காணாமப் போன அன்னிலேர்ந்து சைட் பக்கமே யாரும் வரலைன்னீங்க. நாலாம் நாள் நான் வந்தேன். இந்தத் தூண்ல மட்டும் சாக்கு சுத்தியிருந்துச்சு. ஈரமா! அப்ப எனக்கு ஒண்ணும் புரியலை."

"அ... அண்ணி..."

"போன வாரம் பக்கத்து சைட்ல பார்த்தேன். புதுசா போட்ட தூணுக்குத்தான் ஈரச் சாக்கு கட்டுவாங்களாம், வெடிப்பு விடாம இருக்க. வேலையே நடக்காத இடத்துல புதுத் தூண் எப்படி வந்துச்சு? யார் தண்ணி ஊத்தினா?" கண்ணில் நீர் முட்டியது. "கூடப் பொறந்தவனையே உள்ள வெச்சுப் பூசிட்டு... தூண் வெடிக்கக் கூடாதுன்னு பார்த்தீங்க பாருங்க, என்னா தொழில் பக்தி!"

கொழுந்தன் கண்ணாடிக்காரரின் கையைத் தாவிப் பிடித்தான்.

"சார், வாங்க! வெளியில பேசி முடிச்சிடலாம்!"

"பேசலாமே!"

க்ளிக்!

அவன் மணிக்கட்டில் விலங்கு!

"நான் க்ரைம் பிராஞ்ச் இன்ஸ்பெக்டர். உங்க அண்ணி குடுத்த புகார்லதான் வந்தேன். பேங்க்காரர் மட்டும்தான் நிஜம்."

கொழுந்தன் தரையில் சரிந்தான்.

"அட்வான்ஸை எடுத்தது நான்தான்... திருப்பிக் குடுடான்னான்... பிடிச்சுத் தள்ளினேன்... தலை அடிபட்டு..."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஓடிப்போகவில்லை. எட்டு மாதமாக இங்கேயேதான் நின்றிருக்கிறான்!

"தைரியசாலிம்மா நீங்க," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "அந்த டொக் டொக் சத்தம்தான் பிரமாதம். ஆள் பாதி அதுலயே செத்துட்டான்."

அவள் நிமிர்ந்தாள்.

"அது... நீங்க ஏற்பாடு பண்ணதில்லையா சார்?"

"நானா?"

இருவரும் இன்ஜினியரைப் பார்த்தார்கள். அவர் மெஷினுக்கு இன்னும் வயரே செருகவில்லை.

டொக்... டொக்!

"சார்!" கொழுந்தன் வீறிட்டான். "என்னை சீக்கிரம் கூட்டிட்டுப் போயிடுங்க!"

இன்ஸ்பெக்டர் அவனுக்கு முன்பே சைட் வாசலை எட்டியிருந்தார்.

"வாப்பா... வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது. முக்கியமா, எங்க லாக்கப்ல தூணே கிடையாது!"