பன்னிரண்டு காட்டிய பற்றறி

முல்லைத்தீவிலிருந்து இராயப்பு மீன் ஏற்றிவந்த வான் மாங்குளம் சந்தியில் படுத்துவிட்டது. பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகி வழிந்தது. எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பலாமென்றால் கைபிடி முறிந்து கனநாள். தள்ளலாமென்றால் அன்று ஆயுத பூசை. விரதக்காரர் மீன் வானில் கை வைப்பார்களா? எட்ட நின்று புத்திமதிதான் சொன்னார்கள்.

இராயப்பு மயில்வாகனத்தாரின் தேத்தண்ணிக் கடைக்கு ஓடினான். அவர் இளைப்பாறின பொலிஸ் சாஜன். ஊரில் கோழி காணாமல் போனாலும் அவரிடம்தான் வருவார்கள். பாண்காரன் ஏரம்பு அவருக்கு உதவியாள். அவர் எழும்புமுன் அவன் வாசலில் நிற்பான்.

வழக்கு இதுதான். போன பாஸ்குத் திருநாளுக்கு வாங்கின புதுப் பற்றறியை, சார்ஜ் பண்ணச் சந்தியிலுள்ள கனகலிங்கத்தின் கடையில் விட்டிருந்தான் இராயப்பு. இன்று மச்சானின் பற்றறியில் ஓடிவந்து, தன்னுடையதை வாங்கி மாட்டிவிட்டு, மச்சானுடையதைப் பஸ்ஸில் திருப்பியனுப்பினான். பிறகு ஸ்டார்ட்டரை அமத்தினால் 'டக்' என்றதோடு சரி. இந்த மீன் நாறினால் முதலாளி இனி மீன் தரமாட்டார். வானை விற்கத்தான் வேண்டும்.

கோயிலில் நடராசா பூட்டியிருந்த ஒலிபெருக்கியில் பாட்டு கணீரென்று கேட்டது. "நடராசாவின்ர செட் இண்டைக்கு இழுக்கேல்லை, கவனிச்சியளோ?" என்றான் ஏரம்பு. வழமையாக மூன்றாம் பாட்டிலேயே பாடினவருக்கு வயிற்றுக்குத்து வந்ததுபோல் குரல் இழுபடும். மயில்வாகனத்தார் செருப்பைக் கொழுவினார்.

வானடியில் கனகலிங்கம் மீற்றரோடு நின்றான். "பாருங்கோ சாஜன், முள்ளு பன்னிரண்டில நிக்குது. என்ர வேலையில பிழையில்லை."

அப்படியென்றால் ஸ்டார்ட்டரை ஆரோ கழற்றிவிட்டார்கள், மச்சானைப் பிடிக்கவேண்டும் என்றான் ஏரம்பு. மயில்வாகனத்தார் குனிந்து பற்றறியைப் பார்த்தார். அதன் தலையில் சந்தனப்பொட்டு இருந்தது. வானின் சின்ன விளக்கைப் போடச் சொன்னார். நன்றாக எரிந்தது. மீற்றரை எடுக்காமலே ஸ்டார்ட்டரை அமத்தச் சொன்னார். விளக்கு செத்தது. முள் மூன்றுக்கு விழுந்தது. கையை எடுத்ததும் இரண்டும் பழையபடி எழும்பின.

"கனகலிங்கம், குளம் முட்டி நிக்குது, ஆனா தண்ணி விடுற துருசுக்குள்ள சேறு அடைச்சிருக்கு. வாய்க்காலை மறிச்சு வைச்சா மட்டம் எவ்வளவுக்கு வரும்?"

"குளத்து மட்டத்துக்கு வரும்."

"வயலுக்குத் திறந்தால்?"

"உடன வத்திப்போம். சேத்துக்குள்ளால எவ்வளவு வரும்?"

"அதுதான். உம்மட மீற்றர் மறிச்ச வாய்க்காலைத்தான் பாக்குது. ஸ்டார்ட்டர் வயல் முழுக்கத் தண்ணி கேக்குது. இந்தப் பற்றறிக்கு உள்ளுக்குள்ளேயே தடை. இது கிழடு. இராயப்புவின்ர இல்லை." சந்தனப்பொட்டைத் தொட்டுக் காட்டினார். "மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன்ர பற்றறிக்கு ஆர் பொட்டு வைச்சது?"

பூசைக்கு எல்லாவற்றையும் கழுவித் துடைத்துத் தான்தான் வைத்ததாகக் கனகலிங்கம் சொன்னான். சோக்கில் எழுதியிருந்த பெயர்களும் கழுவுப்பட்டுத்தான் போயின. "ரண்டு பற்றறிதானே கிடந்தது. ரண்டும் பன்னிரண்டு காட்டிச்சுது. ஆருக்கு எதைக் குடுத்தா என்னெண்டு நினைச்சன்."

"மற்றப் பற்றறி ஆரின்ர?" என்று கேட்ட ஏரம்பு, இழுபடாத பாட்டு காதில் விழ, பதிலுக்கு நிற்காமல் கோயிலை நோக்கி ஓடினான்.

மூவரும் பின்னால் போனபோது நடராசா இசைத்தட்டுப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தான். ஒன்றும் மறைக்கவில்லை. "மூண்டாம் பாட்டிலயே விளங்கினது, இது என்ர இல்லையெண்டு. சொல்லத்தான் எழும்பினனான். அதுக்குள்ள ஐயர் வந்து, இண்டைக்கு நல்லாயிருக்கெண்டார். இவ்வளவு காலத்தில ஒருத்தரும் அப்பிடிச் சொன்னதில்லை."

ஏரம்பு கம்பியைக் கழற்றக் கை நீட்டினான். இராயப்பு அந்தக் கையைப் பிடித்தான். ரோட்டில் அவனுடைய ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

"பொறு அண்ணை. இந்தப் பாட்டு முடியட்டும்."

நால்வரும் நின்றார்கள், கனகலிங்கம் கைகட்டியபடி. பாட்டு கடைசி வரிவரை இழுபடாமல் போய் முடிந்தது. அதற்குப் பிறகு நடராசாவே கம்பியைக் கழற்றி, பற்றறியைத் தோளில் வைத்துக்கொண்டு, விரதத்தையும் பாராமல் மீன் வானை நோக்கி நடந்தான். முதல் அமத்தலிலேயே வான் உறுமியது.