ஒரே நிறத்தில் இரண்டு பாட்டில்கள்

"என் கொழுந்தனும் சாகப் போறான் சார். அதுக்கு முன்னாடி நீங்க வரணும்."

வந்த பெண் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது ஓய்ந்த முகம். இனி அழுவதற்கும் தெம்பில்லை என்பது போல இருந்தது.

எதிரே இருந்தவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நிதானம்' என்பார்கள். காப்பீட்டு அலுவலகத்துக்காகச் சந்தேக மரணங்களை விசாரித்து ஓய்வு பெற்றவர். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார் என்று அவருடைய அக்கா மகள் கேலி செய்வாள். அவள் நேர் எதிர். கதை பாதியில் இருக்கும்போதே குற்றவாளியைப் பிடித்துவிடுவாள். பெரும்பாலும் தவறான ஆளை.

"முதல்ல உட்காருங்க. யார் செத்தது?" என்றார் நிதானம்.

"என் வீட்டுக்காரர். அச்சகத்துல மெஷின் ஓட்டறவர். கொழுந்தன் ஹோட்டல்ல சமையல். ரெண்டு பேருக்கும் ஈறுல ரத்தம் வடியும், பல்லு ஆடும். பல் ஆஸ்பத்திரியில புது மருந்துக்கு ஒரு ஆராய்ச்சி நடக்குது. கடைசி வரைக்கும் இருந்தா முழு வைத்தியமும் இலவசம்னு சேர்ந்தாங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஆளுக்கொரு புதுப் பாட்டில் கொடுத்தாங்க. தினமும் காலையில சாப்பிட்டதும் கொப்பளிக்கணும். பாதி பேருக்கு நிஜ மருந்து, பாதி பேருக்குச் சும்மா கலர் தண்ணி. யாருக்கு எதுன்னு கொடுக்கற டாக்டருக்கே தெரியாது."

"அப்புறம்?"

"போன மாசம் ஒரு நாள் காலையில சாப்பிட்டுட்டுக் கொப்பளிக்கப் போனார். திரும்பி வரும்போது தொண்டையைப் பிடிச்சுக்கிட்டிருந்தார். முகம் பந்து மாதிரி வீங்கிடுச்சு. வாயைத் திறக்கறார், சத்தம் வரலை. என்னையே பார்த்துக்கிட்டு நின்னார் சார்." அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரி போய்ச் சேரலை."

உடம்புக்கு ஒவ்வாத ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கிறது என்றார்கள் மருத்துவர்கள். பாட்டிலைச் சோதித்தார்கள். அதில் இருந்தது வெறும் கலர் தண்ணீர்.

"அப்போ சாப்பாட்டுலதான் ஏதோ இருந்திருக்குன்னு ஆயிடுச்சு. சாப்பாடு போட்டது நான்தானே? 'உன் கையால தின்னுட்டுத்தானே போனான்'னு என் மாமியார் எழவு வீட்டிலேயே கேட்டாங்க. இப்போ என் கையால தண்ணிகூட வாங்கறதில்லை. போதாக்குறைக்கு, கடைசி நாள்கள்ல எங்களுக்குள்ள சண்டை. எதைப் போட்டாலும் உப்பில்லை, உப்பில்லைன்னு தட்டைத் தள்ளுவார். அன்னைக்கும் திட்டிக்கிட்டேதான் எழுந்து போனார். அதுதான் அவர் என்கிட்ட பேசின கடைசிப் பேச்சு."

"கொழுந்தன்?"

"நிறுத்திடுப்பான்னு கெஞ்சறேன். 'அண்ணனுக்கு இருந்தது தண்ணி, மருந்தால ஒண்ணும் ஆகாது அண்ணி'ன்னு என் கண்ணு முன்னாடியே கொப்பளிக்கறான். அந்தச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கிட்டு வெளியே ஓடிடறேன். ஆஸ்பத்திரிக்காரங்க பொய் சொல்றாங்க சார்."

அவள் போனதும் அக்கா மகள் கையைத் தட்டினாள். "மருந்து கொன்னுடுச்சு, பாட்டிலை மாத்திட்டாங்க! முடிஞ்சுது மாமா."

"முடிஞ்சதுன்னா நான் ஏன் செருப்பு போடறேன்?" என்றபடி நிதானம் எழுந்தார்.

பல் ஆஸ்பத்திரியின் நடைக்கூடத்தில் கிராம்பு எண்ணெய் வாடை கனத்துக் கிடந்தது. கண்ணாடி அலமாரிக்குள் சுண்ணாம்பில் வார்த்த தாடைகள் வரிசையாக இருந்தன. முகமே இல்லாத சிரிப்புகள். எதிர் பெஞ்சில் காத்திருந்தவர்களின் பைகளிலிருந்து ஒரே மாதிரியான இளஞ்சிவப்புப் பாட்டில்கள் எட்டிப் பார்த்தன. அவர்களில் ஒரு பெண் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஆராய்ச்சியை நடத்தும் பல் டாக்டர் நடுத்தர வயதுப் பெண். தூக்கம் குறைந்த கண்கள்.

"ஒரே நிறம், ஒரே புதினா வாசனை. மேல ஒட்டியிருக்கற எண்தான் வேற. எந்த எண்ணுக்கு எதுன்னு மருந்தறைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். சாவு நடந்ததும் அவரைக் கேட்டேன். தண்ணின்னார். சோதனையிலயும் தண்ணின்னே வந்துடுச்சு. அதனாலதான் நாங்க நிறுத்தலை. அடுத்த மாசம் இன்னும் நாலு ஆஸ்பத்திரியில இதே மருந்தைக் கொடுக்கப் போறோம்."

"பாட்டிலை வீட்டிலேர்ந்து எடுத்துக் கொடுத்தது யார்?"

"நானும் போலீஸ்காரரும் போனோம். அந்தம்மா நினைவில்லாம கிடந்தாங்க. இறந்தவரோட தம்பிதான் எடுத்துக் கொடுத்தார். அங்கேயே சீல் வெச்சோம்."

பையோடு பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார். பாதி தீர்ந்திருந்தது. மூடியும் உடம்பும் பளிச்சென்று இருந்தன. மருந்தறைக்காரர் கதவோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒல்லியான, எரிச்சல் பிடித்த மனிதர்.

"என் மேல சந்தேகம்னா நேராவே கேளுங்க. தண்ணியைத் தண்ணின்னுதான் சொல்ல முடியும்," என்றார்.

நிதானம் அவருக்குப் பதில் சொல்லாமல் டாக்டரிடம் திரும்பினார். "நிஜ மருந்தைக் கொப்பளிச்சா நாக்குக்கு ஏதாவது ஆகுமா?"

"சிலருக்கு உப்பு ருசி மட்டும் மங்கிடும். இனிப்பு, புளிப்பெல்லாம் தெரியும். நிறுத்தினா சில நாள்ல திரும்பிடும். ஏன்?"

வெளியே வந்ததும் அக்கா மகள் அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். "உப்பில்லைன்னு சண்டை போட்டாரே! அப்போ அவர் கொப்பளிச்சது நிஜ மருந்து. அந்த எரிச்சல் பிடிச்ச மனுஷன்தான் மாத்தியிருக்கான்."

"முதல் பாதி சரி," என்றார் நிதானம். அவர் முகம் இருண்டிருந்தது. "ரெண்டாவது பாதியை அந்த வீட்டிலதான் தேடணும். அங்கே இருக்கக் கூடாதுன்னுதான் எனக்கு ஆசை."

வீடு சிறியது. உள்ளே நுழைந்ததுமே இறந்தவர் எங்கெங்கே கை வைத்தார் என்று தெரிந்தது. மின்விளக்குச் சுவிட்சில், கதவு விளிம்பில், அலமாரிப் பிடியில், தண்ணீர்ச் செம்பில் என்று எங்கும் கறுப்பு மைத் தடங்கள்.

"எத்தனை தேய்ச்சாலும் அச்சு மை அவர் விரலை விட்டுப் போகாது. தினமும் திட்டிக்கிட்டே துடைப்பேன். இப்போ துடைக்க மனசு வரலை," என்றாள் அந்தப் பெண்.

நிதானம் குளியலறைக்குப் போனார். பலகையில் கொழுந்தனின் இளஞ்சிவப்புப் பாட்டில் இருந்தது. மூடியின் விளிம்பில் கறுப்பாக ஒரு பெருவிரல் தடம். அவர் அதைத் தொடவில்லை. வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது கொழுந்தன் வந்தான். ஆறடி ஆள், கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஹோட்டலிலிருந்து ஒரு பாத்திரம் நிறையச் சூப் கொண்டுவந்திருந்தான். "அண்ணி ஒழுங்காச் சாப்பிடறதே இல்லை. நீங்களும் ஒரு வாய் குடிங்க," என்று கிண்ணங்களில் ஊற்றினான். தானும் ஒரு வாய் வைத்துப் பார்த்து முகம் சுளித்து, தன் கிண்ணத்தில் இன்னொரு சிட்டிகை உப்பைப் போட்டுக்கொண்டான்.

அக்கா மகள் ஒரு வாய் குடித்துவிட்டுத் திணறினாள். கடல் தண்ணீர் தேவலாம்.

அவன் உள்ளே போனதும் அண்ணி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "தப்பா நினைக்காதீங்க. அண்ணன் போனதிலேர்ந்து அவனுக்கு மனசு சரியில்லை. ஹோட்டல்லயும் உப்பு தப்புதுன்னு சத்தம் போடறாங்களாம். இந்த ஆராய்ச்சியில சேர்ந்த புதுசுலயும் இப்படித்தான் ஆச்சு, வேலையே போகப் பார்த்துச்சு. நல்ல வேளை, நடுவுல கொஞ்ச நாள் சரியாயிடுச்சு."

நிதானம் கண்களை மூடிக்கொண்டார். வீடு திரும்பும் வழியில் அக்கா மகள், அதிசயமாக, யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை.

மறுநாள் காலை அந்த வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். பல் டாக்டர், மருந்தறைக்காரர், கொழுந்தன், அண்ணி. மாமியார் மட்டும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"ஒரு சாதாரண விஷயத்திலேர்ந்து ஆரம்பிக்கறேன்," என்றார் நிதானம். "இந்த வீட்டில உப்பு ருசி தெரியாமப் போறது ஒரு ஆள்கிட்டேயிருந்து இன்னொரு ஆளுக்கு நகர்ந்திருக்கு. முதல்ல தம்பிக்குத் தெரியலை. பிறகு தம்பிக்குச் சரியாச்சு, அண்ணனுக்குத் தெரியலை. அண்ணன் இறந்ததும் மறுபடி தம்பிக்குத் தெரியலை. நிஜ மருந்து எங்கே இருந்துதோ அங்கேதான் உப்பு தெரியலை. அப்படின்னா நிஜ மருந்து தம்பிகிட்டேயிருந்து அண்ணனுக்குப் போயிருக்கு. அப்புறம் திரும்பி வந்திருக்கு."

அக்கா மகள் மெல்லக் கேட்டாள், "அப்போ ஆஸ்பத்திரியில யாரும் மாத்தலையா?"

"இல்லை. இறந்தவர் தொட்ட எல்லாத்திலயும் மை இருக்கு. ஆஸ்பத்திரியில சீல் வெச்ச பாட்டில்ல ஒரு புள்ளி மை இல்லை. கழுவினதுன்னு நீ நினைப்பே. ஆனா அவரோட பெருவிரல் தடம் தம்பியோட பாட்டில் மூடியில இருக்கு. சமையல்காரர் கையில அச்சு மை எப்படி வரும்?" அவர் மருந்தறைக்காரரைப் பார்த்தார். "இப்போ சொல்லுங்க. தம்பிக்கு நீங்க கொடுத்தது எது?"

மருந்தறைக்காரர் டாக்டரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

"நிஜ மருந்து," என்றார் மருந்தறைக்காரர். குரலில் எரிச்சல் இல்லை.

எல்லோரும் கொழுந்தனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தான்.

"உப்பு தெரியலைன்னதும் எனக்கு வந்தது மருந்துதான்னு புரிஞ்சுபோச்சு. நடுவுல விட்டுட்டா வைத்தியம் கிடையாது. விடலைன்னா வேலை கிடையாது. அண்ணன்கிட்ட சொல்லி அழுதேன். அண்ணன் சிரிச்சார். 'உன் நாக்குதாண்டா உனக்குச் சோறு போடுது. மெஷின் ஓட்டறவனுக்கு உப்பு தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? கொடு'ன்னார். அண்ணிக்குத் தெரிய வேண்டாம்னார்."

அண்ணி தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"சாகறதுக்கு முந்தின வாரம் அவர் உதடு தடிச்சுது."

"எறும்பு கடிச்சுதுன்னு சொன்னார்," என்றாள் அவள், தனக்குத்தானே பேசுவது போல.

"எறும்பு இல்லை அண்ணி. 'நிறுத்திடவாடா?'ன்னு என்னைக் கேட்டார். ஹோட்டல்ல பெரிய சமையல்காரர் வேலைக்கு என்னைப் பரீட்சை வெச்சுக்கிட்டிருந்தாங்க. 'இன்னும் ஒரு வாரம் தாங்கிக்கோண்ணே'ன்னேன்." அவன் குளியலறைப் பக்கம் பார்த்தான். "டாக்டரும் போலீஸும் வர்றாங்கன்னதும், கொலைன்னு சொல்வாங்களோன்னு பயந்து அவர் எண் இருக்கற பாட்டிலையே எடுத்துக் கொடுத்துட்டேன்."

"அப்புறம் ஏன் தினமும் அதையே கொப்பளிச்சீங்க? குழாய்த் தண்ணியை ஊத்தி வெச்சிருக்கலாமே?" என்று கேட்டாள் அக்கா மகள்.

"இன்னைக்காவது எனக்கும் ஆகட்டும்னுதான் வாயில ஊத்திக்கறேன். ஆக மாட்டேங்குது."

முதலில் அசைந்தது பல் டாக்டர்தான். அவர் முகம் வெளுத்திருந்தது. கைப்பேசியை எடுத்தார். "ஒரு ஆளைக் கொன்ன மருந்தை நான் தண்ணின்னு நினைச்சுட்டேன். இன்னைக்குக் காலையிலகூட எல்லாரும் கொப்பளிச்சிருப்பாங்க."

ஒவ்வொருவராக அழைத்தார். நிறுத்துங்கள், தொடாதீர்கள், எடுத்துக்கொண்டு வாருங்கள். பாதிப் பேர் நன்றாக இருந்தார்கள், ஏன் என்று கேட்டார்கள். பிறகு ஓர் அழைப்பில் மறுமுனைக் குரல் தடித்து, நாக்கு புரளாமல் வந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்த அதே பெண்.

"நேத்திலேர்ந்து உதடு கனமா இருக்கு டாக்டர். மருந்தால ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. இப்போதான் கொப்பளிச்சேன், மூச்சு கொஞ்சம்..."

மருந்தறைக்காரர் அதற்குள் டாக்டரின் பையிலிருந்த ஒவ்வாமை ஊசியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தார். அந்தப் பெண்ணின் வீடு இரண்டு தெரு தள்ளி. அவர் ஓடுவதை அக்கா மகள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பின்னாலேயே தானும் ஓடினாள். கூடத்தில் இருந்தவர்கள் டாக்டரின் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது அடித்தபோது டாக்டர் எடுக்கத் தயங்கினார். நிதானம் எடுத்தார்.

"ஊசி போட்டாச்சு மாமா," என்றாள் அக்கா மகள், மூச்சு வாங்க. "மூச்சு வருது. இந்தம்மா பிழைச்சுடுவாங்களாம்."

டாக்டர் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆராய்ச்சி அன்றோடு நின்றது. நான்கு ஆஸ்பத்திரிகளுக்கும் போகவிருந்த பாட்டில்கள் மருந்தறையை விட்டு வெளியேறவே இல்லை.

உள்ளறைக் கதவு திறந்தது. மாமியார் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மருமகளைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் கையைக் காட்டி, "தண்ணி," என்றார். மருமகள் எழுந்து போய்ச் செம்பில் மொண்டு வந்து கொடுத்தாள். கிழவி வாங்கிக் குடித்தார்.

போலீஸில் நடந்ததை நடந்தபடியே சொல்லக் கொழுந்தன் டாக்டரோடு கிளம்பினான். வாசற்படியில் நின்று திரும்பினான்.

"போயிட்டு வரேன் அண்ணி."

அவள் காலிச் செம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"போ," என்றாள்.

அதோடு சேர்ந்து வர வேண்டிய இன்னொரு சொல்லுக்காக அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினான்.