இரண்டு பிடிச் சோறு

"சாயங்காலம் அவனைப் போலீசுலே ஒப்படைக்கப் போறேன். அதுக்கு முன்னாலே நீங்க ஒருதடவை வந்து பாத்துட்டா நல்லாருக்கும்யா" என்றார் முகம்மது கனி.

தல்லாகுளத்துக் கல்யாணராமன் ரங்கூன் போலீசில் நெடுநாள் இருந்து ஓய்வு பெற்றவர். உதவியாள் சின்னச்சாமி அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு புறப்படத் தயாராகி விட்டான்.

ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பர்மாவிலிருந்து ஜனங்கள் கால்நடையாக ஊர் திரும்பிய வருஷம் அது. கனியின் அக்காள் ஆரிபாவின் புருஷன் ஷேக் தாவூது ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஊர்ப்பக்கம் வந்தே பல வருஷம் ஆயிற்று. போன வாரம் ஜமீல் என்ற வாலிபன் காஜிமார் தெருவில் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கடையில் வேலை பார்த்தவன் என்றான். தாவூது மலைப்பாதையில் இறந்துவிட்டார் என்று சொல்லி, அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டுக் காய்ச்சலில் விழுந்தான்.

"மச்சான் கையிலே தங்கக் கடியாரம் கெடந்துச்சு. அது எங்கேடான்னா வாயத் தொறக்க மாட்டேங்குறான். சோத்தைப் போட்டா ரெண்டு பிடி எடுத்து ஓரமா வச்சுக்கிட்டு, அதைக் காக்காய்க்குப் போடுறான். நாங்க விஷம் வச்சிருவோம்னு பயம்! தப்புப் பண்ணாதவனுக்கு என்னய்யா பயம்?"

சின்னச்சாமி மனசுக்குள் ஜமீலைத் தூக்கிலேயே போட்டுவிட்டான்.

"காக்காய்க்கு எப்போ போடறான்?" என்று கேட்டார் கல்யாணராமன்.

"தின்னு முடிச்சப்புறம்."

"ஜுரத்திலே ஏதாவது பேசினானா?"

"'தமின் சாபா, தமின் சாபா'ன்னு ராவெல்லாம் அனத்துனான். என்ன எழவோ."

கல்யாணராமன் மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வைகைப் பாலம் தாண்டி மூவரும் காஜிமார் தெரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஜமீல் எலும்பும் தோலுமாகச் சுவரில் சாய்ந்திருந்தான். ஆரிபா திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள்.

"விஷத்துக்குப் பயந்தவன் காக்காய் பிழைச்சுதான்னு பார்த்துட்டுத்தான் வாயிலே வைப்பான்" என்று ஆரம்பித்தார் கல்யாணராமன். "இவன் தின்னுட்டுப் போடறான். அது பயம் இல்லே. பர்மாக்காரா வீட்டிலே முதல் பிடி பெத்தவாளுக்கு. அவா பக்கத்திலே இல்லேன்னாலும் எடுத்து வச்சுட்டுத்தான் சாப்பிடுவா."

"அப்போ தமின்?" என்றான் சின்னச்சாமி.

"சோறு. நீ சோறுங்கறே, நான் சாதங்கறேன், பட்டுநூல்காரர் பாத்துங்கறார். ரங்கூன்லே அத்தனை வருஷம் இருந்தும் ஜுரத்திலே நான் அனத்தினது சாதம்னுதான். அம்மா சொல்லிக் குடுத்த பேர்தான் அப்போ வரும். இவன் அம்மா பர்மாக்காரி."

"பசியிலே சோறு கேட்டிருக்கானா?"

"கேக்கலே. சாபான்னா, சாப்பிடுங்கோ. யாருக்கோ ஊட்டியிருக்கான். தமிழ் முதலாளிகிட்டே வேலையாள் தமிழ்லேதான் கெஞ்சுவான். இது வீட்டுப் பேச்சு." அவர் ஜமீல் பக்கம் திரும்பினார். "கடியாரத்தை எதுக்குடா குடுத்தே?"

ஜமீல் தலையைக் குனிந்துகொண்டான். "அரிசிக்கு. வடிச்சுக் கையிலே எடுத்து ஊட்டுனேன். அத்தா வாயத் தொறக்கலே."

அப்பாவைக் கூப்பிடுகிற பேர் வாயிலிருந்து வந்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டான்.

ஆரிபா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பிள்ளையில்லாதவள். இத்தனை வருஷமும் கப்பலில் வருபவரிடமெல்லாம் புருஷனைப் பற்றி விசாரித்துக் காத்திருந்தவள். இது கொலையாகவே இருந்திருந்தால் தேவலை என்று சின்னச்சாமிக்குத் தோன்றியது. கொலைகாரனையாவது வாய்விட்டுத் திட்டித் தீர்த்திருப்பாள்.

"உங்கம்மா?" என்றாள்.

"மலையேறுறதுக்கு முன்னாடியே மௌத்தாயிட்டாங்க. ஒங்ககிட்டே இதைச் சொல்லாதே, கண்ணாடியைக் குடுத்துட்டுப் போயிருன்னு அத்தா சொன்னாங்க."

"அக்காவை இம்புட்டுக் காலம் ஏமாத்தி…" என்று கனி குதித்தெழுந்தார். ஆரிபா கையைக் காட்டி அவரை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் சோற்றுத் தட்டு இருந்தது. அதை ஜமீலுக்கு முன்னால் வைத்துத் தானும் எதிரே உட்கார்ந்தாள்.

வழக்கப்படி தட்டை நோக்கிப் போன அவன் கை, அவளைப் பார்த்ததும் பயந்து நின்றுவிட்டது.

"உங்கம்மாவுக்கு நீ வையி" என்றாள் ஆரிபா.

அவன் வைத்தான். அதற்குப் பக்கத்தில் அவளே ஒரு பிடி எடுத்து வைத்தாள்.

"இது உங்க அத்தாவுக்கு. என் கையாலே சோறு தின்னு எம்புட்டு வருசமாச்சு அவரு."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. வாய்விட்டு அழுதாள்.