காவல் இருந்த கடற்கரை

படகை விட்டு அந்தத் தீவில் இறங்கியபோது மூன்று பேருக்கும் மூன்று ஆசைகள் இருந்தன. லிஃப்ட் மெக்கானிக்குக் கடலில் நீந்த வேண்டும். வேலை செய்யும்போது கம்பி வடம் அறுந்து இழுத்ததில் அவனுடைய வலது தோள் ஒருமுறை கழன்றுவிட்டது. நீச்சலடித்தால் தோள் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் மனைவி விபத்து வார்டில் நர்ஸ். அவளுக்கு யாருடைய முனகலும் கேட்காமல் தூங்க வேண்டும். கூட வந்த அவன் தங்கைக்கு, வீட்டில் எல்லோரும் 'வாலு' என்று கூப்பிடுகிற கல்லூரிக்காரிக்கு, அண்ணிக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தே தீர வேண்டும்.

விடுதிக்கு எதிரிலேயே கடல். ஆனால் அது குளிக்கிற கடலாக இல்லை. ஆள் உயரத்துக்கு எழும்பிய அலை முதல் நாளே மெக்கானிக்கைப் புரட்டி மணலில் எறிந்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "இந்த அலைக்கும் எனக்கும் ஏதோ பூர்வஜென்மப் பகை" என்றான். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்மணியிடம் நர்ஸ் கேட்டாள்.

"அமைதியா, பாதுகாப்பா குளிக்கிற மாதிரி இடம் எதுவும் இல்லையாங்க?"

"கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துல போங்க. கூட்டமா இருக்கும். ஆனா நாலு பேர் கண் முன்னாடி குளிக்கலாம்."

"கூட்டம் வேண்டாம்னுதானே இவ்ளோ தூரம் வந்தோம்."

"இந்தத் தீவுல கடல் அமைதியா இருந்து நான் பார்த்ததே இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அவள் சாவிகளை மாட்டப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில், வேறு வழியில்லாமல், வாடகை ஸ்கூட்டர்கள் இரண்டில் கலங்கரை விளக்கத்துக்கே கிளம்பினார்கள். பாதி வழியில், சாலை வளைகிற இடத்தில், தாழம்புதருக்கு நடுவே தண்ணீர் பளிச்சென்று தெரிந்தது. வாலு வண்டியை நிறுத்திவிட்டாள்.

"அண்ணா, இங்க பாருங்களேன்!"

கீழே சின்னதாக ஒரு வளைகுடா. இருபுறமும் கரும்பாறை. வாய்ப்பகுதியில் பாறைத்திட்டு ஒன்று மதில்போலக் குறுக்கே கிடந்தது. உள்ளே தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோல அசையாமல் நின்றது. குளிக்கிற இடத்தைச் சுற்றி மிதவைக் கயிறு கட்டியிருந்தார்கள். கரையில் உயரமான மரநாற்காலி. அதில் சிவப்பு பனியனோடு ஒரு லைஃப்கார்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"ஆளே போட்டிருக்காங்க. இதுக்கு மேல என்ன பாதுகாப்பு வேணும் அண்ணி உங்களுக்கு?"

இறங்கினார்கள். சாலையில் அடித்த காற்று பாதிச் சரிவிலேயே நின்றுபோனது. பறவைச் சத்தம் இல்லை. கடற்கரையில் நின்றும் கடலின் சத்தம் இல்லை. வெயிலில் காயாமல் மக்கிப்போன கயிற்றின் நாற்றம் மட்டும் மூக்கில் ஏறியது.

"சார், இங்க குளிக்கலாங்களா?" என்று மெக்கானிக் குரல் கொடுத்தான்.

நாற்காலியில் இருந்தவன் திரும்பவில்லை. கையை மட்டும் மெல்ல உயர்த்தித் தண்ணீரைக் காட்டினான்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மார்பளவு ஆழம்தான். மெக்கானிக் மிதவைக் கயிற்றோரம் இடது கையை வீசி நீந்தினான்; பிறகு வலது கையையும் மெல்லத் தூக்கிப் பார்த்து, "வலிக்கலம்மா! நெஜமாவே வலிக்கல!" என்று கத்தினான். நர்சுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ மாதங்களாக ராத்திரியெல்லாம் அந்தத் தோளுக்கு ஒத்தடம் கொடுத்தவள் அவள்.

"தலையை என் கையில போடுங்க அண்ணி. கழுத்தை விறைக்காதீங்க. வயித்தை மேல தூக்குங்க. அவ்ளோதான்."

நர்ஸ் மல்லாந்தாள். காதுகள் தண்ணீருக்குள் போயின. உடம்பு தானாக மிதந்தது. சிரித்தபடி தலையைச் சாய்த்துக் கரையைப் பார்த்தாள். எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. மரங்கள், மணல், நாற்காலி.

நாற்காலி காலியாக இருந்தது.

அங்கிருந்து தண்ணீருக்கு வந்த கால்தடம் ஒன்றுகூட மணலில் இல்லை.

தலைக்கு அடியிலிருந்த வாலுவின் கை சட்டென்று நழுவியது.

நர்ஸ் முங்கி, காலூன்றி, மூக்கில் தண்ணீர் ஏற எழுந்தாள். வாலு பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவள் மோவாய்க்கு அடியில் ஒரு கை வளைந்திருந்தது. மூழ்குகிறவர்களை இழுத்துவரும் அதே பிடி. ஆனால் இழுப்பது கரைக்கு அல்ல, பாறைத்திட்டுக்கு. அவள் தலைக்குப் பின்னால், ஊறி வெளுத்த ஒரு முகம் காதோடு காதாக ஒட்டியிருந்தது. அதன் வாயிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அசையாதே. காப்பாத்திட்டேன்."

"என்னங்க!" என்று நர்ஸ் அலறினாள்.

அவள் ஓடவில்லை. குடித்துவிட்டு வார்டில் கத்தியோடு பாய்கிறவர்களையே அடக்கிப் பழகியவள். பாய்ந்து அந்தக் கையின் கட்டைவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினாள். எலும்பு ஒடிந்தது கையில் தெரிந்தது. பிடி தளரவில்லை. மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள். தோல் உறைபோலக் கழன்று அவள் கையோடு வந்தது. உள்ளே வெள்ளையாக, குளிர்ந்து, ரத்தமே இல்லாத சதை.

மெக்கானிக் வந்து சேர்ந்தான். இடது கை முட்டியால் அந்த முகத்தில் குத்தினான். மூக்கு உள்ளே போனது. மறுபடி குத்தினான். தாடை கழன்று தொங்கியது. தொங்கியபடியே அது பேசிற்று.

"அசையாதே."

மிதவைக் கயிற்றை அதன் கழுத்தில் சுற்றி, பாறையில் காலை ஊன்றி இழுத்தான். கயிறு கழுத்துக்குள் பாதிவரை இறங்கியது. அந்தக் கை இன்னும் இறுகியது; அதன் விரல்கள் அவள் விலாவில் அழுந்தின. வாலுவின் மார்புக்குள் ஏதோ நொறுங்கும் சத்தம் இருவருக்கும் கேட்டது. அவள் வாயிலிருந்து ரத்தம் குமிழியிட்டு வந்தது. கண்கள் அண்ணனைப் பார்த்தபடி இருந்தன.

மெக்கானிக் கயிற்றை விட்டான்.

சிக்கிக்கொண்ட லிஃப்ட் கதவில் கடப்பாரையை நுழைப்பதுபோல, தன்னுடைய வலது கையை அந்த முழங்கைக்கும் தங்கையின் கழுத்துக்கும் நடுவே செருகினான். உடம்பு முழுவதையும் சாய்த்து நெம்பினான். முதலில் தோள் கழன்றது. பிறகு முன்கை எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவன் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. ஆனால் தலை நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டது.

"இழு! இப்ப இழு!"

நர்ஸ் வாலுவின் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

அந்தக் கை அவன் மேல் மூடிக்கொண்டது.

"விடாதீங்க, இதோ வரேன்!"

"வராத! அவளைக் கூட்டிட்டுப் போ! போம்மா..."

அவன் பின்னோக்கிப் போனான். படகில் கட்டி இழுத்த வேகம். பாறைத்திட்டில் அவன் முதுகு ஒருமுறை மோதிய ஓசை கேட்டது. இரண்டாம் முறையும் கேட்டது. பிறகு தண்ணீர் மூடிக்கொண்டது.

அடுத்த கணம் கடலுக்குச் சத்தம் வந்தது. திட்டைத் தாண்டி முதல் அலை எழும்பி வந்து இரண்டு பெண்களையும் கரையில் எறிந்தது. நீலம் பாரித்துக் கிடந்த நாத்தனாரின் வாயில் வாய் வைத்து நர்ஸ் ஊதினாள். ஊதி ஊதி நிமிரும் ஒவ்வொரு முறையும் கடலைப் பார்த்தாள். அங்கே அலையைத் தவிர எதுவும் இல்லை.

வாலு இருமினாள். மூச்சு வந்தது.

போலீஸ் வந்து பார்த்தபோது அந்த இடத்தில் நாற்காலி இல்லை, கயிறும் இல்லை. அலைகள் தாழம்புதர் வரை ஏறி அடித்துக்கொண்டிருந்தன. "இந்தக் கடல்லயா இறங்கினீங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். மறுநாள் மெக்கானிக்கின் உடல் பாறை இடுக்கில் கிடைத்தது. இரண்டு தோள்களும் கழன்றிருந்தன. மோவாய்க்குக் கீழே அகலமாக ஒரு நீலத் தடம். விடுதிப் பெண்மணி நர்சின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அங்க யாரையும் காவலுக்குப் போட்டதே இல்லம்மா. யாருமே குளிக்காத இடத்துக்கு எதுக்குக் காவல்?"

வாலுவைக் கடல் தாண்டி, கரையிலிருந்து வெகுதூரத்திலிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உடைந்த விலா எலும்பு நுரையீரலைக் குத்தியிருந்தது. விலாவில் துளையிட்டு ஒரு குழாய் விட்டிருந்தார்கள். அதன் மறுமுனை கட்டிலுக்குக் கீழே கண்ணாடிப் பாட்டிலில் இருந்தது. நர்ஸ் தானே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாள்.

"அண்ணா இன்னைக்கும் வரலையா அண்ணி?"

"அந்தக் கையை வெச்சுக்கிட்டு எப்படிடா வருவாரு? தூங்கு."

இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

குழாயில் முதல் நாள் ரத்தம் வந்தது. அது வழக்கம். பிறகு குறைந்து நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. தெளிந்த தண்ணீராக வந்துகொண்டே இருந்தது. பாட்டிலை மாற்ற மாற்ற நிறைந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துப் பார்த்து, "உள்ளே ஒண்ணுமே இல்லையே, எங்கேருந்து வருது?" என்று குழம்பினார்.

அன்று மதியம், பார்வையாளர்கள் நிறைந்து வார்டு இரைச்சலாக இருந்த நேரம், நர்ஸ் பாட்டிலை மாற்றக் குனிந்தாள். அடியில் கொஞ்சம் மணல் படிந்திருந்தது. மணலின் மேல் ஏதோ வெள்ளையாகக் கிடந்தது. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

ஒரு மனித நகம். வேரோடு.

தூங்கிக்கொண்டிருந்த வாலுவின் கைகளை எடுத்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். கால் விரல்களையும் பார்த்தாள். எல்லா நகங்களும் அப்படியே இருந்தன.

பாட்டிலுக்கு இறங்கும் குழாய் லேசாகத் துடித்தது.

விலாவுக்குப் பக்கத்தில், கண்ணாடிபோன்ற அந்தக் குழாய்க்குள், இன்னொரு நகம் மெல்ல இறங்கி வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் விரலும்.