மூங்கில் ஆணி

ஆறு மாதமாகத் திறக்காத டிரங்குப் பெட்டி. அதற்குள் பழைய வேட்டியில் சுற்றிக் கிடந்த இரும்பு சில்லென்றுதானே இருக்க வேண்டும்? சென்னகேசவன் கையில் எடுத்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இத்தனை நேரம் பிடித்திருந்து இப்போதுதான் கையை எடுத்த மாதிரி. ஜன்னலோரப் பெட்டி, வெயில் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆடி மேகம் மூடி மூன்று நாளாக வெயிலே இல்லை என்பது அப்போது அவன் நினைவுக்கு வரவில்லை.

அது ஜப்பான் பட்டாளத்து அதிகாரி ஒருவனின் நீளமான போர்க்கத்தி. நாற்பத்தைந்தாம் வருடம் பர்மாவிலிருந்து அவன் அப்பா ராமுலு கொண்டுவந்தது. அப்பாவை அவன் நாயனா என்றுதான் கூப்பிடுவான். அலகில் இன்றைக்கும் முகம் பார்க்கலாம். ஆனால் கைப்பிடி இல்லை. பிடிக்குள் நுழைகிற வால் பகுதி மட்டும் துருவேறி, நடுவில் ஒரு துளையோடு மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது. சண்டையில் உடைந்து போயிற்று என்றுதான் சிறு வயதிலிருந்து கேள்வி.

ராமுலு பிப்ரவரியில் பக்கவாதத்தில் விழுந்தார். வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. வருடம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சண்டை முடிந்து ஐம்பது வருடம் ஆனதற்கு அக்டோபரில் பழைய படைவீரர்களுக்கு விழா என்று பத்திரிகை வந்திருந்தது. நாயனாவைச் சக்கர நாற்காலியில் மேடையேற்றி, கத்தியை முழுசாக அவர் மடியில் வைத்து, ஒரே ஒரு தடவை அவர் முகம் மலர்வதைப் பார்த்துவிட வேண்டும் என்று சென்னகேசவன் ஏங்கினான். அவருக்குப் பேச்சு நின்ற பிறகுதான், தான் அவரோடு மனம்விட்டுப் பேசியதே இல்லை என்பது அவனுக்கு உறைத்திருந்தது.

கத்தியைக் கட்டிலருகே கொண்டுபோய்க் காட்டினான். ராமுலுவின் இடக்கை எழுந்தது. விரல்களை இறுக்கி மூடினார், பிறகு ஐந்தையும் விரித்தார். மூடினார், விரித்தார். கண்ணில் நீர் வழிந்தது.

"பாத்தியா, கையில குடுன்னு கேக்கறாரு" என்றான் மனைவி ராமாமணியிடம்.

"கேக்கற மாதிரி தெரியலீங்க. பயந்த மாதிரி இருக்குதுங்க."

"உனக்கு எதைப் பாத்தாலும் பயந்தான் அம்மணி."

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இங்கே பிள்ளை மனம்தான் பித்துப் பிடித்து அலைந்தது. கணபதிப் பகுதியில் அவனுக்குச் சொந்தமாக லேத் பட்டறை, பின்னாலேயே வீடு. பம்ப் வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டு மரப்பிடியைத் தானே இழைத்தான். உக்கடம் மீன் மார்க்கெட்டில் முஸ்தபா பாய், பிடிமேல் ஒட்டத் திருக்கை மீன் தோலை உப்பிட்டுக் காயவைத்துக் கொடுத்தார். நொய்யரிசி ஒட்டியதுபோலச் சொரசொரப்பாக இருக்கும், வேர்த்த கையிலும் வழுக்காது. அதன்மேல் சுற்ற சூலூர் விசைத்தறியிலிருந்து கெட்டி நாடா வந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சும்மாவா சொல்கிறார்கள்.

பிடிக்கும் அலகுக்கும் நடுவே வருகிற பித்தளைத் தகடு மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. நாயனாவோடு ஒரே படையில் இருந்த ராசப்பனுக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று மதுக்கரைக்கு வண்டியை விட்டான். ராசப்பன் இறந்து நாளாகியிருந்தது. சிமெண்ட் தூசி படிந்த ஓட்டு வீட்டில் அவர் மனைவி கருப்பாத்தாள் இருந்தாள். கேட்டதும் உள்ளே போய், புளிப்பானை மூடிமேல் பாரமாக வைத்திருந்த தகட்டை முறத்தில் ஏந்திக் கொண்டுவந்தாள். கையால் தொடவில்லை. வட்டத் தகடு, நாலு ஓரமும் பூவேலை.

"உங்கய்யன் வருசா வருசம் வந்து, இது இருக்குதான்னு பாத்துப்போட்டுப் போவாருங்க. காப்பித்தண்ணி கூடக் குடிக்க மாட்டாருங்க" என்றாள்.

"அவ்வளவு பிரியம்" என்றான் சென்னகேசவன்.

கருப்பாத்தாள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "பிரியமோ என்னமோங்க. சண்டை நின்ன பொறவு அந்த சப்பான்காரன் மண்டி போட்டு, ரெண்டு கையிலயும் கத்தியை ஏந்தி நீட்டுனானாம். குட்டையான ஆளு. பொடனிக்குப் பின்னால துணி தொங்கற தொப்பி. உங்கய்யன் கத்திய வாங்கி..." அதோடு நிறுத்திக்கொண்டாள். "அதுக்கு மேல என்ற ஊட்டுக்காரரு சொன்னதில்லீங்க. இதை மட்டும் தனியாக் கழட்டி இவருகிட்டக் குடுத்து வெச்சாராமுங்க. எடுத்துட்டுப் போங்க. இனி திருப்பிக் கொண்டாராதீங்க."

தகடு கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தும்போது 'டிக்' என்றொரு சத்தம். பக்கத்து அறையில் ராமுலு முனகினார்.

இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பிடியின் குறுக்கே, வாலில் இருக்கிற துளை வழியாக ஓர் ஆணி போக வேண்டும். அந்தச் சின்ன ஆணிதான் பிடியையும் அலகையும் சேர்த்து நிறுத்துவது. லேத்தில் மூன்று கடைந்தான். ராத்திரி அடித்து வைத்தால் காலையில் ஆணி மேஜைமேல் கிடக்கும், பிடி கழன்று தனியே கிடக்கும். நாற்பது வருடம் பட்டறையில் தன் சொல்படி வளைந்த இரும்பு, இந்த விரற்கடை ஆணியில் தன்னை ஏய்க்கிறதே என்று அவனுக்கு ரோஷமே வந்துவிட்டது.

அதற்குள் ஆயுதபூசை வந்தது. குறைப்பட்ட ஆயுதத்தைப் பூசையில் வைக்கக் கூடாது. அந்தக் கவலையோடே காலையில் நாயனாவைத் துடைத்துக் குளிப்பாட்டினான். இடுப்பில் அரைஞாண் கயிறு அழுக்கேறி இற்றுப்போயிருந்தது. அதை மாற்றக் கத்தரியோடு குனிந்தபோது ராமுலுவின் இடக்கை அதை இறுகப் பற்றிக்கொண்டது. சாகக் கிடக்கிறவர் கையில் இத்தனை பலமா? விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நறுக்கென்று கத்தரித்தான்.

ராமாமணி புதுக் கயிற்றோடு வாசலில் நின்றாள். "என்னங்க இது, புதுசக் கட்டிப்போட்டல்லங்க பழச அறுக்கோணும். எழவு ஊட்லதானுங்க இப்பிடி அறுப்பாங்க."

"இதோ கட்டறேன், வெச்சுட்டுப் போ" என்றான். கட்டவில்லை. கயிற்றில் கோத்திருந்த தாயத்து கீழே விழுந்து வாய் திறந்திருந்தது. உள்ளே மந்திரத் தகடு இல்லை. காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு மூங்கில் ஆணி. கத்தியின் ஆணியை ஐம்பது வருடம் இடுப்பிலேயே காத்து வைத்திருக்கிறார் என்று சென்னகேசவன் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ராமுலுவின் கை காற்றில் மூடிக்கொண்டது, விரிந்தது, மூடிக்கொண்டது.

"தாரேனுங்க நாயனா. உங்க கையிலயே தாரேன்."

சுத்தியல் தேவைப்படவில்லை. துளையில் வைத்ததும் ஆணி உள்ளே போயிற்று, அந்தப் பக்கமிருந்து யாரோ இழுத்துக்கொண்ட மாதிரி.

ஸ்பானர், மைக்ரோமீட்டர், ராமாமணியின் அரிவாள்மனை எல்லாவற்றோடும் கத்தியைப் பலகையில் வைத்தார்கள். பிடி நெடுகச் சந்தனம் பூசி, குங்குமமிட்டு, எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் காட்டினார்கள். இனி மறுநாள் பூசை முடிகிறவரை ஆயுதம் எதையும் தொடக் கூடாது. தெருவில் அத்தனை பட்டறையும் ஓய்ந்திருந்தது. சாயங்காலம் ராமாமணி பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள்.

ஆறு மணிக்குத் தூறல் பிடித்தது. கரண்டும் போயிற்று. லேத் ஓசையிலேயே வளர்ந்தவனுக்கு அந்த அமைதி காதைக் குடைந்தது. ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர், வாழையிலையில் வாடுகிற சாமந்தியின் வாசம், குத்துவிளக்கின் திரி பொரிகிற சத்தம், இவற்றுக்கெல்லாம் நடுவே தகடு பொருந்தியபோது வந்த அந்தச் சத்தமும் கேட்டது.

டிக்.

பூசைப் பலகையை எட்டிப் பார்த்தான். பிடியில் பூசிய சந்தனம் காய்ந்து வெளுத்திருந்தது. அதில் பள்ளங்கள் இருந்தன. மேலே நாலு, கீழே நாலு. விரல்கள். இரண்டு கையாலும் பிடித்த பிடி.

ராமாமணி தொட்டிருப்பாளோ? தொடமாட்டாள். தவிரவும் அவை குட்டை விரல்கள். அளவு பார்க்க மட்டும், தொடாமல் தொடுகிற மாதிரி, தன் விரல்களை அந்தப் பள்ளங்களில் வைத்தான்.

வெதுவெதுப்பாக இருந்தது. பெட்டியைத் திறந்த அன்று பட்ட அதே சூடு.

கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. விரல்களுக்கு மேலே வேறு விரல்கள் மடங்கி அழுத்தின. குட்டை விரல்கள். கண்ணுக்குத் தெரியவில்லை. கத்தி பலகையிலிருந்து எழுந்தது. அவன் தூக்கவில்லை. கால்கள் நடந்தன. அவன் நடக்கவில்லை.

நாயனாவின் அறை. கட்டில். ராமுலு விழித்திருந்தார். புதுக் கயிறு தலைமாட்டில் சுருண்டபடியே கிடந்தது. அவர் இடக்கை எழுந்தது. மூடியது. விரிந்தது.

விட்டுவிடு.

அதைத்தான் சொல்லியிருக்கிறார். இத்தனை நாளும்.

"முடியலீங்க நாயனா" என்றான். அழுகை வந்தது. விரல் பிரியவில்லை.

ராமுலுவின் கை கீழே இறங்கியது. எட்டு மாதமாகத் தானாகப் புரண்டு படுக்காத மனிதர் கட்டிலிலிருந்து இறங்கினார். செத்துப்போன வலக்காலும் மடிந்தது. மண்டியிட்டார். செத்துப்போன வலக்கையும் எழுந்து இடக்கையோடு சேர்ந்தது. எதையோ ஏந்தி நீட்டுகிற மாதிரி. தலை குனிந்தது. நரைத்த பிடரி.

சென்னகேசவனின் கைகள் மேலே போயின.

வெளியே கேட் கிறீச்சிட்டது. "ஏனுங்க, வந்துட்டேனுங்க. கரண்ட் இல்லீங்களா?"

அந்த நொடியில் கரண்ட் வந்தது. எதிர்ச் சுவரில் இரண்டு நிழல்கள். ஒன்று மண்டியிட்டிருந்தது. அதன்மேல் கத்தியை ஓங்கி நின்றது சென்னகேசவனின் நிழல் அல்ல. குட்டையான ஆள். மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. நிழலின் பிடரியில் தொங்கிய துணி அந்தக் காற்றில் ஆடியது.