மூன்றாவது கை

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, வழக்கம்போல, பன்னிரண்டு பேரைப் பதினெட்டு மீட்டர் உயரத்திலிருந்து ஒவ்வொருவராகத் தள்ளிவிடத் தொடங்கினார்கள். பதினொரு பேரைக் கீழே நின்ற இயந்திரங்கள் பிடித்துத் தரையில் இறக்கிவிட்டன. பன்னிரண்டாவதாக நின்ற லூர்தையன் தன் முறை வருவதற்குள் கால் வழுக்கி, அலறிக்கொண்டு விழுந்தான். அவனுக்கு நேர் கீழே நின்ற இயந்திரம் அவனைப் பிடிக்கவில்லை. அண்ணாந்து பார்த்தது. வலக்கையை முகத்துக்கு நேராக உயர்த்தியது. விரல்களைப் பாதி மடக்கி, உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. கட்டை விரல் மட்டும் ஒருமுறை காற்றை மெல்லத் தட்டியது.

லூர்தையனின் தோளெலும்பு முறிந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

மூன்று மாதத்தில் அது மூன்றாவது எலும்பு. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பேச்சி அன்று மதியமும் அதே வலக்கையைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மோட்டாரில் குறையில்லை. கம்பிகளில் குறையில்லை. கண்களில் தூசியும் இல்லை. அந்தக் கை ஏன் உயர்கிறது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

அந்த இயந்திரங்களுக்கு ஏந்தி என்று பெயர். செவ்வாயில் எடை குறைவு என்பதால் அங்கே விழுந்தால் அடிபடாது என்று பூமியில் இருப்பவர்கள் நினைக்கக்கூடும். அது தவறு. பதினெட்டு மீட்டரிலிருந்து விழும் உடல் தரையைத் தொட மூன்று விநாடி ஆகும். தொடும்போது அதன் வேகம், பூமியில் இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுகிறவரின் வேகம். உடலை உடைப்பது வேகம் அல்ல, சட்டென்று நிற்பதுதான். ஆகவே ஏந்தி கையை இரும்புபோல நீட்டிக்கொண்டு நிற்காது. விழும் உடலின் வேகத்திலேயே தன் கைகளையும் கீழே கொண்டுபோய், முழங்காலை மடக்கி, ஒன்றரை மீட்டர் தூரத்துக்குள் மெல்ல மெல்ல நிறுத்தும். தூக்கிப் போட்ட முட்டையைப் பிடிப்பதும் இப்படித்தான். பேச்சிக்கு அந்த அழகைப் பார்த்துச் சலிப்பதே இல்லை.

"என்னக்கா, இன்னும் இவன் தோளத்தான் பிரிச்சுப் போட்டுட்டு இருக்கியா?" என்று கேட்டபடி சவரி வந்து அருகில் அமர்ந்தாள். பத்தொன்பது வயது. சர்க்கஸ் பள்ளியின் ஊஞ்சல்காரி. இடது காதின் பாதி இல்லை.

"தோள்ல ஒண்ணும் இல்லட்டி. நானூறு மணல் மூட்டைய மேலருந்து போட்டேன். நானூறையும் பிடிச்சிட்டு."

"மணல் மூட்டைக்கு நல்ல காலம்."

"தள்ளிவிட்டா பிடிக்கி. தானா விழுந்தா பிடிக்க மாட்டேங்கி. அதான் புரியல."

சவரி, சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னாள்: "ஒண்டிமுத்து ஆளு விட்டுருக்கான். சனிக்கிழமை ஆட்டம் பாக்க வாரானாம். என் கை ரெண்டையும் வாங்கிட்டுப் போவானாம்."

பேச்சி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

பள்ளியின் அரசாங்கப் பெயர் நலிந்த இளையோர் உடற்கலைப் பயிற்சி நிலையம். குகைவாசிகள் அதைக் குட்டிக்கரணப் பள்ளி என்பார்கள். எரிமலைக் குழம்பு ஓடிக் குடைந்த நீண்ட குகைகளில் அமைந்த சுரங்க ஊர் அது. நான்காம் குகையில் பெற்றோரைச் சுரங்கத்துக்குக் கொடுத்த பிள்ளைகள் பத்து வயதில் ஏதாவது ஒரு கும்பலில் சேர்வார்கள். பாறை துளைக்கும் கம்பியைக் கூராக்கி இடுப்பில் செருகிக்கொள்வார்கள். இருபது வயதைப் பார்ப்பவர்கள் பாதிப் பேர். பள்ளி அவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வாசலில் இருக்கும் பெட்டியில் கம்பியைப் போட்டுவிட்டு உள்ளே வா. அடி வாங்கவும், எட்டிக் குதிக்கவும், பயப்படாமல் இருக்கவும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். சர்க்கஸுக்கு வேண்டிய முக்கால்வாசி அதுதான்.

சவரி ஒண்டிமுத்துவின் கும்பலில் முதல் கம்பியாக, எந்தச் சண்டையிலும் முன்னால் நிற்பவளாக, இருந்தவள். கும்பலை விட்டுப் போகிறவர்கள் கையை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது நான்காம் குகையின் சட்டம். அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. குகையில் காற்று மெலிசு; அடைத்த கூடங்களுக்கு வெளியே எல்லோரும் மூச்சுமூடி அணிந்திருப்பார்கள். விழுந்தால் மூடி உடையும். உடைந்தால் இரண்டு நிமிடம். அதனால் நடக்கப் பழகும் முன்பே பிள்ளைகளுக்கு இதைப் பழக்குவார்கள்: எவர் விழுந்தாலும் பக்கத்தில் நிற்கிறவர் பிடித்தாக வேண்டும். அப்படிப் பிடித்துவிட்டால், பிடித்தவரும் அவரைச் சேர்ந்தவர்களும் அதன் பிறகு அந்த ஆளின் மேல் கை வைக்கக் கூடாது. கொலைகாரர்களும் மீறாத வழக்கம் அது. அதனால்தான் கும்பல்காரர்கள் எதிரியைத் தள்ளி விடுவதில்லை, நின்ற நிலையிலேயே குத்துவார்கள்.

"போலீசுக்குச் சொல்லுவமா?" என்றாள் பேச்சி.

"சொல்லு. திங்கக்கிழமை வந்து எழுதிட்டுப் போவாங்க." சவரி எழுந்தாள். "ஆட்டத்த நிறுத்தாதக்கா. நான் ஒளிஞ்சேன்னு தெரிஞ்சா, நாளைக்கு இங்க இருக்க ஒவ்வொருத்தனையும் தேடி வருவான். நீ ஏந்தியச் சரி பண்ணு. ஒரு ஏந்தி இருநூறு கிலோவத் தூக்கும். ஆளுக்கு ஒருத்தனப் பிடிச்சு வச்சாலே போதும்."

இரண்டு நாளும் பேச்சி தூங்கவில்லை. நான்கு ஏந்திகளையும் பிரித்துச் சேர்த்தாள். மேலும் நூறு மூட்டை போட்டாள். நூறையும் பிடித்தன.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, கூடத்தில் இருநூறு பேர் உட்கார்ந்திருக்க, சவரி ஊஞ்சலில் இருந்தபோது ஒண்டிமுத்து ஐந்து பேருடன் வந்தான். வாசலில் பெட்டியைக் காட்டிய பையனின் வாயில் கம்பியின் மொட்டை முனையால் அடித்தான். பற்கள் பெட்டிக்குள் விழுந்தன.

"ஏளா சவரி," என்று மேலே பார்த்துக் கூப்பிட்டான். "எறங்கி வாரியா, நான் ஏறி வரட்டா?"

"டிக்கெட்டு எடுத்தியா?" என்றாள் சவரி.

அவன் ஏணியைப் பிடித்தான். மறித்த இரண்டு மாணவர்களில் ஒருவனின் தொடையில் கம்பி இறங்கி மறுபக்கம் வந்தது. இன்னொருவனை ஒண்டிமுத்துவின் வலக்கையான துரைப்பழம் தலைமுடியைப் பிடித்துத் தூணில் மூன்று முறை மோதினான். மூன்றாவது முறை தூண் சிவந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள், வெளியே அல்ல, உள்ளே. நான்காம் குகை ஆட்கள் அவர்கள். செருப்பையும் பெஞ்சையும் கையில் கிடைத்ததையும் கொண்டு அடித்தார்கள். கும்பலில் ஒருவனின் மூக்கு பெஞ்சின் விளிம்பில் தட்டையானது. லூர்தையன் கட்டுப் போட்ட தோளோடு வந்து இன்னொருவனின் காதைக் கடித்தான்.

பேச்சி ஏந்திகளைப் பார்த்துக் கத்தினாள்: "பிடி."

நான்கும் திரும்பின. வேகமாக நடந்தன. அவளுக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. தொடையில் ரத்தம் பீறிட விழுந்து கிடந்த மாணவனிடம் போய், சுற்றி அரைவட்டமாக நின்று, வலக்கைகளை முகத்துக்கு நேராக உயர்த்தின. நான்கு கட்டை விரல்கள் காற்றைத் தட்டின. ரத்தம் பரவியபோது ஒன்று இன்னும் நன்றாகத் தெரியும்படி ஓரடி முன்னால் வந்தது. மாணவன் அதன் காலைப் பிடித்துக் கெஞ்சினான். பேச்சிதான் ஓடிப்போய் இடுப்புப் பட்டையைக் கழற்றி அவன் தொடையை இறுக்கினாள்.

மேலே ஒண்டிமுத்து மேடையை அடைந்திருந்தான். சவரி ஊஞ்சலை வீசி எதிர்ப்பக்கம் போனாள்; திரும்பி வந்தபோது இரு கால்களாலும் அவன் நெஞ்சில் உதைத்தாள். அவன் விழவில்லை. தூணைப் பற்றிக்கொண்டு வாய் ரத்தத்தைத் துப்பினான். பிறகு அவளை விட்டுவிட்டு ஊஞ்சலின் கயிற்றை அறுக்கத் தொடங்கினான். ஆத்திரத்தில் இரண்டு விஷயங்களை மறந்துவிட்டான். ஒன்று, குகையின் வழக்கம். இன்னொன்று, முறுக்கேறி இழுபட்டு நிற்கும் கயிறு அறுந்தால் இரண்டு பக்கமும் சாட்டையாகத் தெறிக்கும் என்பது. கயிற்றின் ஒரு பாதியோடு சவரி விழுந்தாள். மறு பாதி ஒண்டிமுத்துவின் கண்ணில் அறைந்து அவனையும் மேடையிலிருந்து தள்ளியது.

மூன்று விநாடி நீளமான நேரம். முதல் விநாடியில் கூடத்தில் எல்லாச் சண்டையும் நின்றது. இரண்டாவதில் பேச்சி சவரிக்கு நேர் கீழே வந்து கைகளை விரித்தாள். லூர்தையன் ஒரு பக்கம் வந்தான். மறுபக்கம் யார் வந்தது என்று அவள் பார்க்கவில்லை. மூன்றாவதில் சவரி அவர்கள்மேல் இறங்கினாள். பேச்சியின் முன்கை காய்ந்த குச்சிபோல ஒடிந்தது. நான்கு பேரும் ஒரு குவியலாகத் தரையில் கிடந்தார்கள்.

நான்காவது ஆள் துரைப்பழம். ரத்தம் சொட்டும் கம்பியை வாயில் குறுக்காகக் கவ்வியிருந்தான். கைகளைக் காலியாக வைத்துக்கொள்ள அவனுக்கு வேறு வழி கிடைக்கவில்லை. சவரியின் முதுகு அவன் இரண்டு கைகளிலும் இருந்தது.

ஒண்டிமுத்துவின் பக்கம் ஆட்கள் ஓடினார்கள், எட்டவில்லை. அவனுக்கு நேர் கீழே நின்றது ஓர் ஏந்திதான். அது அண்ணாந்து பார்த்து வலக்கையை உயர்த்தியது. அவன் அதன் காலடியில் விழுந்தான். இரண்டு கைகளும் முழங்கைக்குமேல் முறிந்தன. மற்ற மூன்று ஏந்திகளும் வந்து சுற்றி நின்றுகொண்டன.

"என்னத்தலே செய்யுது இதுக?" என்று அவன் முனகினான்.

சற்று முன் அவனிடம் பற்களை இழந்த பையன்தான் வந்து, ஏந்திகளைத் தள்ளிவிட்டு, அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தான்.

ஒண்டிமுத்து கழுத்தைத் திருப்பித் துரைப்பழத்தைப் பார்த்தான். "நீ ஏம்லே அவளப் பிடிச்ச?"

துரைப்பழம் வாயிலிருந்து கம்பியை எடுத்தான். "விழுந்தா பிடிக்காம என்ன செய்ய?" என்றான். பிறகு நடந்தது என்னவென்று அவனுக்கே உறைத்தது. "முடிஞ்சி போச்சு அண்ணாச்சி. நம்ம கை பட்டுட்டு. இனி அவளத் தொட முடியாது."

ஒண்டிமுத்துவும் அதை மறுக்கவில்லை. நான்காம் குகையில் அதை மறுக்க ஆளில்லை.

மறுவாரம் பேச்சி மாவுக்கட்டுப் போட்ட கையோடு, இதுவரை திறந்து பார்க்காத ஒன்றைத் திறந்தாள். ஏந்தியின் உடலை அவள் நூறு முறை பிரித்திருக்கிறாள். அது எதைப் பார்த்துப் பாடம் கற்றது என்று ஒருமுறையும் பார்த்ததில்லை. பந்தும் மூட்டையும் பிடிக்க அதற்குக் கணிதம் போதும். ஆனால் அலறலையும் ரத்தத்தையும் உணர்ந்தால் கணிதத்தை நிறுத்திவிட்டு, 'ஆபத்தில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தை அப்படியே பின்பற்றும்' என்று அதன் கையேடு பெருமையாகச் சொன்னது. அந்த விதத்தைக் கற்பிக்க, பூமியின் இருபத்தொன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்துத் தெருக்காட்சிகள் நாற்பது லட்சம் கொடுத்திருந்தார்கள்.

சவரியும் அருகில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு சாலை. கவிழ்ந்த இருசக்கர வண்டி. அடியில் ஒருவன் கையை நீட்டிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி முப்பது பேர். முப்பது பேரும் ஒரு கையை முகத்துக்கு நேராக உயர்த்தியிருந்தார்கள். ஒவ்வொரு கையிலும் உள்ளங்கையளவு தட்டையான ஏதோ ஒன்று. அடுத்த காட்சியில் ஒருவனை நாலு பேர் கட்டையால் அடித்தார்கள். சுற்றிலும் அதே வட்டம், அதே கைகள். அடுத்ததில் தீ. அடுத்ததில் வெள்ளம்.

செவ்வாயில் தொலைவில் இருப்பவரின் பேச்சும் காதெலும்பில் பொருத்திய கருவியிலேயே கேட்கும்; கையில் பிடிக்கும் கருவி எதையும் அவர்கள் கண்டதில்லை. பேச்சி வரலாற்றுத் தொகுப்பில் தேடினாள். "கைபேசியாம்."

"பேசுறதுக்கா?"

"படம் பிடிக்கவும்."

"விழுந்தவனுக்கு அது எதுக்கு?"

"விழுந்தவனுக்கு இல்ல. மத்தவங்களுக்குக் காட்ட."

சவரி இன்னும் சில காட்சிகளைப் பார்த்தாள். "யாருமே தூக்கலியாக்கா?"

"தூக்குறாங்க. எல்லாத்துலயும் இல்ல. கடைசில சில பேரு. மொதல்ல இதச் செய்றாங்க."

ஏந்தியின் கற்றல் பட்டியலில் அது எண்களோடு இருந்தது. முதல் படி: கையை உயர்த்தி வைத்திருத்தல், சராசரி நாற்பத்தேழு விநாடி. இரண்டாம் படி: பிடித்தல், தூக்குதல். அவ்வளவு நேரம் கை உயர்ந்து நிற்காமல் இரண்டாவது தொடங்காது. இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை. ஒரு காட்சியையும் தவறாகப் புரிந்துகொள்ளாத நல்ல மாணவன் அது.

கற்றதை அழிக்க வழியில்லை. தயாரித்தவர்கள் முத்திரை வைத்துப் பூட்டியிருந்தார்கள். பேச்சி ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு உடைந்த தரை ஓடு ஒன்றை எடுத்து உள்ளங்கையளவுக்கு வெட்டினாள்.

சோதித்துப் பார்க்க உண்மையான பயம் வேண்டும். பள்ளியில் உயரத்துக்குப் பயப்படுகிற ஒரே ஆள் பேச்சிதான். மேடை விளிம்பில் கண்ணை மூடி நின்றவள், எண்ணி முடிக்கும் முன்பே கால் வழுக்கி விழுந்தாள். அவள் போட்ட அலறலைப் பற்றிப் பள்ளியில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒன்றரை மீட்டர் தூரத்துக்குள், மாவுக்கட்டு அசங்காமல், ஏந்தி அவளைப் பிடித்து இறக்கியது.

அதன் பிறகு அங்கே யாருக்கும் எலும்பு முறியவில்லை. இப்போது பள்ளியின் நான்கு ஏந்திகளுக்கும் தோளில் மூன்றாவதாக ஒரு மெல்லிய கை பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அது ஓர் ஓட்டுத் துண்டை முகத்துக்கு நேராக எப்போதும் தூக்கிப் பிடித்திருக்கும். முதல் கடமை நாற்பத்தேழு விநாடியை எப்போதோ தாண்டி நடந்துகொண்டே இருப்பதால், மற்ற இரண்டு கைகளும் விழுகிறவரைப் பிடிக்கின்றன.