பின் ரூம் ஃபேனில் ஒரு பிணம்

போன் அலறியது.

வீட்டுக்காரி எடுத்தாள்.

"ஏம்மா... பொணம் தொங்கின வீட்டை என் தலையில கட்டப் பாத்தியே! நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

பல் டாக்டர். முந்தின நாள் வீட்டைப் பார்த்து, சொன்ன விலைக்கே சரி என்று சிரித்த அம்மாள். இப்போது கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற வேகத்தில் கத்தினாள்.

"டாக்டர்... எந்தப் பொணம்?"

"பின் ரூம் ஃபேன்ல தூக்கு மாட்டிக்கிட்டாராமே! உங்க ஏஜென்ட்தான் சொன்னார். அவருக்காவது மனசாட்சி இருக்கு!"

"தூக்கா... யாரு?"

டாக்டர் சொன்னாள்.

வீட்டுக்காரி போனை இறுகப் பிடித்தாள். பயத்தில் அல்ல... ஆத்திரத்தில்!

இப்போது எல்லாம் விளங்கியது. வீட்டை விற்க அவள் தன் போனிலேயே எடுத்து நெட்டில் போட்ட வீடியோவைப் பார்த்து வந்தவர்கள், சிரித்துக்கொண்டே நுழைந்தார்கள். பின் அறையிலிருந்து பேயறைந்த முகத்தோடு வெளியேறினார்கள். அவள் எதுவும் கேட்க முடியாது. வீடு பார்க்க வருகிறவர்கள் எதிரில் சொந்தக்காரர் நிற்கக் கூடாது என்பது ஏஜென்ட் போட்ட சட்டம்.

மகளுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன். தேதி குறித்தாகிவிட்டது. இந்த வீடு நல்ல விலைக்குப் போனால்தான் அந்தக் குழந்தை நிமிர்ந்து நடக்கும்!

"டாக்டர்... நாளைக்கு ஒரே ஒரு தடவை வாங்க. பின்வாசல் வழியா. அதுக்கப்புறமும் நான் பொய்க்காரின்னு தோணிச்சுன்னா, என் கன்னத்துல அறைஞ்சிட்டுப் போங்க."

மறுநாள் காலை.

ஏஜென்ட் வந்ததும் எல்லா விளக்குகளையும் போட்டார். மூலை மூலையாக வாசனை அடித்தார். சுவர்களை நோட்டம் விட்டார்.

"போட்டோ எதையும் வெளிய எடுக்கலையே?"

"நீங்க முதல் நாளே போன்ல சொல்லிட்டீங்களே... நீங்க வர்றதுக்கு முன்னாடியே கழட்டி வெச்சுட்டேன்."

"அதான் தொழில் ரகசியம்மா! வாங்கறவன் இந்தச் சுவத்துல அவன் குடும்பத்தைக் கற்பனை பண்ணிப் பாக்கணும். உங்க மூஞ்சிங்க எதுக்கு?" குரலைத் தணித்தார். "நான் சொல்றதைக் கேளுங்க. பாதி விலைக்கு ஒரு பார்ட்டி இருக்கு. சார் கப்பல்லேர்ந்து வர இன்னும் ஆறு மாசம் ஆகும். ஒண்டியா எத்தனை நாள் மல்லுக்கட்டுவீங்க?"

அவள் பல்லைக் கடித்தாள்.

"இன்னிக்கு வீடியோ பாத்துட்டு ஒருத்தர் வர்றார். அவருக்குக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

வந்தவர் தாடிக்காரர். வெயிலில் கறுத்த முகம். அதிகம் பேசவில்லை.

ஏஜென்ட் அவரைப் பின் அறைக்கு அழைத்துப் போனார். பக்கத்து அறையில், சாத்திய கதவுக்குப் பின்னால் வீட்டுக்காரியும் பல் டாக்டரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சார்... உங்களைப் பாத்தா கூடப் பொறந்த அண்ணன் மாதிரி இருக்கு. மறைக்க மனசு வரல. இதோ... இதே ஃபேன்தான்!"

"ஃபேனுக்கு என்ன?"

"தூக்கு! நாக்கு வெளிய தள்ளி... நான்தான் கயித்தை அறுத்து இறக்கினேன். செம கனம் சார்!"

"ஐயோ... யாரு?"

"அந்தம்மா புருஷன்! கப்பல்ல இருக்கார்னு ஊரையே ஏமாத்திக்கிட்டிருக்கா. கேட்டுடாதீங்க... பாவம்!"

தாடிக்காரர் ஃபேனையே பார்த்தார்.

"எனக்கு வேணாம் சாமி! அப்ப இந்த வீட்டை எவன்தான் வாங்குவான்?"

"வேணாம்னுட்டீங்க, உங்ககிட்ட சொன்னா என்ன... என் மச்சான்தான்! பாதி விலைக்கு முடிச்சு, வெள்ளையடிச்சு, முழு விலைக்குத் தள்ளிடுவோம். பேயெல்லாம் பெயின்ட் அடிச்சா ஓடிடும் சார்!"

சிரித்தார்.

'தடால்!'

கதவு திறந்தது.

வீட்டுக்காரியின் கையில் கண்ணாடி போட்ட ஒரு பெரிய போட்டோ. நேராகப் போய்ச் சுவர் ஆணியில் மாட்டினாள். கல்யாணப் போட்டோ!

ஏஜென்ட் மணமகனைப் பார்த்தார். இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு.

திரும்பித் தாடிக்காரரைப் பார்த்தார்.

அதே புருவம்... அதே தழும்பு!

"என்னங்க..." என்றாள் அவள். "செத்தப்போ ரொம்ப வலிச்சுதா?"

"எனக்கென்ன தெரியும்? கயித்தை அறுத்தவரைக் கேளு!" கணவனின் கை ஏஜென்ட்டின் சட்டைக் காலரைப் பற்றியது. "பொண்ணு ஆபரேஷனுக்கு லீவு வாங்கிட்டு வந்தா... ஃபேன்ல தொங்க விட்டிருக்கே!"

"சார்... வியாபாரத்துல இதெல்லாம்..."

"வியாபாரமாடா?" வீட்டுக்காரி வெடித்தாள். "என் பொண்ணோட முதுகெலும்புல உன் மச்சானுக்குப் பங்கு கேட்டிருக்கே! மனுஷனாடா நீ?"

ஏஜென்ட் கதவுப் பக்கம் நழுவப் பார்த்தார். பல் டாக்டர் குறுக்கே நின்றாள்.

"எங்க ஓடறீங்க? வாயைத் திறங்க. அத்தனை பொய் சொன்ன பல்லை இலவசமாவே பிடுங்கி விடறேன்!"

"முதல்ல போலீஸ் ஸ்டேஷன்," என்றான் கணவன். "என் சாவைப் பத்தி நானே கம்ப்ளெயின்ட் கொடுக்கணும்!"

டாக்டர் வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்குச் சொன்ன அதே விலை. வீடு எனக்குத்தான். ஆனா ஒரே ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்க டாக்டர்."

"சாவியைக் குடுக்கறப்போ, இந்தப் பேயையும் கையோட கூட்டிக்கிட்டுப் போயிடணும்!"